கச்சானில் வந்த நோன்பு

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோழி கிளறின மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த கை இது. அதற்குப் பிறகு அது பிடித்தது மண்வெட்டிப் பிடியைத்தான். எந்த ‘ர’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பிழை கண்ட இடத்தில் நீங்களே திருத்தி வாசியுங்கள். இதை நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்குக் காது சூடேறிவிடும் என்பது என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்கள் இரண்டு வகை வருடத்தோடு வாழ்ந்தவர்கள். ஒன்று காற்றின் வருடம். வாடை வந்தால் மழை, தென்மேற்கில் இருந்து கச்சான் வந்தால் மண் காயும் காய்ச்சல். அது ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். மற்றது பிறையின் வருடம். அது எந்த இடத்திலும் தங்காது. நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். அதனால் குறிஞ்சிப்பிட்டி மணலில் இருந்துகொண்டே எல்லாக் காற்றிலும் நோன்பு பிடித்துவிட்டோம். மாரியில் ஓலைக்கூரை ஒழுக ஒழுக விடியுமுன் சஹர் சாப்பிட்டோம். வாடையில் குளிரில் நடுங்கிக்கொண்டு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்தோம். ஆனால் நோன்பு என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது கச்சானில் வந்த நோன்புதான். நான் சிறு பையனாக இருந்தபோது ஒரு சுற்று வந்தது. சில வருடங்களுக்கு முன், தாடி நரைத்த பிறகு, மறு சுற்று வந்தது. அந்த முதல் சுற்றில் ஒரு பருவத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கச்சான் இப்போதும் வீசுகிறது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க இப்போது நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைக்கூண்டை நிமிர்ந்து பார்க்கிறோம். அப்போது அது இல்லை. காதுதான் சொல்லும். கடல் பக்கத்துப் பனை ஓலை இரவு பகலாகச் சரசரவென்று அடித்துக்கொண்டே இருந்தால் கச்சான் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சோற்றில் மணல் நறநறக்கும். கொடியில் காயும் துணி உப்புப் பூத்து விறைத்துப்போகும். உதட்டை நக்கினால் உப்பு. கதவுக் கீலில் கை வைத்தால் துரு ஒட்டும். தோட்டத்து வேலியில் ஓலை கட்டி மறைக்காவிட்டால் கன்றின் இலை ஒரு பக்கமாகக் கருகும்.

வாப்பாவுக்குச் சொந்தக் காணி இல்லை. இளமையில் புத்தளத்தில் உப்பளத்தில் வேலை செய்தவர். அவருடைய பாதம் இரண்டும் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, அந்தப் புண்கள் எந்தக் காலத்திலும் முழுதாக ஆறவில்லை. நடக்கும்போது பாதத்தின் ஓரத்தை ஊன்றித்தான் நடப்பார். உம்மாவைக் கல்யாணம் முடித்து இந்தப் பக்கம் வந்த பிறகு, பக்கத்துத் தோட்டக்கார ஹாஜியாரின் காணியில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். “செத்தாலும் இனி உப்புக்குள்ள கால் வைக்க மாட்டன்” என்று அடிக்கடி சொல்வார். பயிர் இரண்டு போகம் சரியாக வரவில்லை. அந்த வருடம் கச்சானுக்கு முன் ஹாஜியார் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார்.

“இஞ்சப் பாரு தம்பி, இந்தப் போகம் கொச்சிக்கா நல்லா வந்தாச் செய். இல்லாட்டி காணிய உடு. நான் முழுக்கத் தென்னம்பிள்ள வைக்கப் போறன்.”

வாப்பா தலையை ஆட்டினார். ஹாஜியார் போன பிறகு உம்மாவிடம், “இதும் போனா மறுபடி உப்பளந்தான்” என்றார். பெரிதாகச் சொல்லவில்லை. கயிறு முறுக்கிக்கொண்டே சொன்னார். உம்மா அவருடைய காலைப் பார்த்தார். பிறகு, “போகாது” என்றார். அவ்வளவுதான்.

மிளகாய்க் கன்றுகளை, எங்கள் வாயில் கொச்சிக் கன்றுகளை, நட்டு அவை வேர் பிடிக்கிற நேரத்தில் நோன்புத் தலைப்பிறை தெரிந்தது.

அந்த வருடம்தான் நான் முழு நோன்பு பிடிப்பது என்று முடிவு செய்தேன். வீட்டில் சம்மதிக்கவில்லை. அரை நோன்பு போதும், மத்தியானம் லுஹருக்குத் திறந்துவிடு என்றார்கள். நான் விடவில்லை. உம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடு தோட்டத்தில் வேலை செய்தார். அவருக்கு என்னைச் சீண்டாமல் பொழுது போகாது.

“மருமவன், ஒன்ட நோன்பு எத்தினையாவது?”

“நாலாவது.”

“நாலும் முழுசா?”

“ஓம், முழுசு.”

“அப்ப அடுக்களையில நேத்து அவிச்ச கெழங்கு ரெண்டு கொறஞ்சிச்சே, அது எலி புடிச்ச நோன்பா?”

கிழங்கை உண்மையில் எலிதான் தின்றது. ஆனால் மாமாவிடம் எலிக்காக யார் சாட்சி சொல்வது?

எங்கள் ஊரில் அந்த நாட்களில் நோன்பின் பேணுதல் வேறு மாதிரி. வாயில் ஊறின எச்சிலை விழுங்கினால் நோன்புக்குக் குறை என்று நினைத்த காலம். ஆண்கள் வேலி ஓரமாகத் துப்பிக்கொண்டே நடப்பார்கள். பின்னேரம் அஸருக்குப் பிறகு துப்ப எச்சிலும் இருக்காது. கறியில் உப்புப் போதுமா என்று நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் குற்றமில்லை என்று ஒரு மௌலவி பல வருடம் கழித்து வந்து சொன்னார். எங்களுக்கு அது பிந்தி வந்த செய்தி.

இனித் துரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகள் துரவு கண்டதில்லை. அது கல் கட்டின கிணறு அல்ல. மணலை அகலமாக வெட்டி, ஒரு பக்கத்தைச் சரிவாக விட்ட பள்ளம். இரண்டு கையிலும் இரண்டு பூவாளியோடு சரிவால் இறங்கி, இரண்டையும் தண்ணீரில் முக்கி, நிரப்பிக்கொண்டு ஏறி வந்து, பாத்தி நெடுகிலும் நடந்தபடியே ஊற்ற வேண்டும். பூவாளிகளைக் கற்பிட்டியில் தகரவேலைக்காரர் ஒருவர் செய்து கொடுப்பார். மூக்கில் ஆணியால் போட்ட துளைகள். அந்தத் துளைகளால் தண்ணீர் விழும் சத்தமும், ஈரமான மணலில் இருந்து ஏறும் சூடும்தான் எங்கள் காலையும் மாலையும். வாப்பாவின் இரண்டு பூவாளியும் இன்று இல்லை. எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் மணலின் குணம் உங்களுக்குத் தெரியும். நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, உப்புத் தண்ணீர் கீழே படுத்திருக்கிறது. மாரி பெய்தால் மேலே உள்ளது தடிக்கும். கச்சான் காய்ந்தால் மெலியும். துரவு வற்றினால் ஆழமாக வெட்டக் கூடாது. வெட்டத்தான் வேண்டும் என்றால் ஒரு சாண் வெட்டு, ஒரு கை அள்ளி நாக்கில் வை, இன்னும் ஒரு சாண் வெட்டு, திரும்ப நாக்கில் வை. நாக்கு ‘போதும்’ என்று சொன்னால் நிறுத்து. இது எங்கள் ஊரில் நடக்கப் பழகின பிள்ளைக்கும் தெரிந்த விசயம்.

அந்த வருடம் ஹாஜியார் தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்று கொண்டுவந்தார். டுப் டுப் என்று அது வேலைசெய்யத் தொடங்கின பிறகு எங்கள் துரவு நாளுக்கு நாள் இறங்கியது. பூவாளியைச் சரித்துப் படுக்கப் போட்டாலும் அரைவாசிக்கு மேல் நிறையவில்லை. தண்ணீரோடு மணலும் வந்தது. கன்றுகள் மத்தியானத்தில் இலை தொங்கிப் படுத்துவிடும்.

ஒரு நாள் சஹர் முடிந்து சுபஹு தொழுத கையோடு வாப்பாவும் மாமாவும் துரவுக்குள் இறங்கினார்கள். வெயில் ஏறும்முன் ஒரு முழம் தோண்டிவிடலாம் என்பது வாப்பாவின் கணக்கு. நான் மேலே நின்று மண் கூடையைக் கவிழ்த்தேன். ஒரு சாண் போனது. மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“மச்சான், நாக்குல வச்சுப் பாக்க ஏலாதே. நோன்பு.”

“நாக்கு என்னத்துக்கு?” என்றார் வாப்பா. ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். “இத்தின வருசம் உப்புக்குள்ள நின்டவன் நான். எனக்கா உப்புக் காட்டுறாங்க? மூக்காலயே செல்லுவன்.”

மோந்து பார்த்தார். “நல்ல தண்ணி. வெட்டு.”

இன்னொரு சாண். மோந்து பார்த்தார். நல்ல தண்ணி. இன்னொரு சாண். கச்சான் கடலையே தூக்கிக்கொண்டுவந்து எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சட்டை உப்பு, மீசை உப்பு, மூக்குக்குள் உப்பு. அந்த மூக்கு எதை மோந்தாலும் ஒரே வாசம்தான் அடித்திருக்கும். இது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அடியில் இருந்து தண்ணீர் குபுகுபுவென்று ஊறி வந்ததும் மூன்று பேருக்கும் சிரிப்புத்தான் வந்தது. பூவாளியை முக்கினால் கழுத்து வரை நிறைந்தது. வாப்பா என் தலையில் ஈரக்கையை வைத்து, “பாத்தியா?” என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு உம்மா நோன்புக் கஞ்சிக்குத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு துரவுக்குப் போனார். திரும்பி வரும்போது குடம் வெறுங்குடம். வாப்பாவும் மாமாவும் ஹாஜியாரும் பூவரச மர நிழலில் இருந்தார்கள். ஹாஜியார் புதுத் தண்ணீரைப் பார்க்க வந்திருந்தார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

“இஞ்சப் பாருங்க. அந்தத் தண்ணிய இன்டைக்குக் கன்டுக்கு ஊத்தாதீங்க.”

“ஏன்?”

“அது சரியில்ல.”

“சரியில்லாட்டி? உப்பா?”

உம்மா வெறுங்குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினார்.

வாப்பா சிரித்தார். கேலியாகத்தான் கேட்டார், குற்றம் பிடிக்க அல்ல. “நோன்போட குடிச்சா பாத்த நீ?”

மாமாவும் தன் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “ராத்தா கனவுல குடிச்சிருப்பா மச்சான். எனக்கும் இப்பெல்லாம் கனவுல எளநிதான் வருது.”

ஹாஜியாரும் வாய்க்குள் சிரித்தார். உம்மாவின் முகம் முக்காட்டுக்குள் போனது. குடத்தோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் துரவுத் தண்ணீர் இருந்தது.

“மவன், ஒரு வாய் வச்சுப் பாரு. துப்பிரு.”

“நான் நோன்பு உம்மா!”

“ஒனக்கு இன்னும் கடமையாகல்ல. நீ சின்னப் புள்ள.”

“நான் முழு நோன்பு. இது ஒம்பதாவது. நோன்பு முறிஞ்சிரும்.”

“முறியட்டும். அந்தப் பாவத்த நான் ஏத்துக்கிறன்.” உம்மா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “நான் பொய் செல்லச் சொல்லல்ல. நாக்குல வை. ஒனக்கு என்ன தெரியிதோ அதப் போய் வாப்பாட்ட செல்லு. அவ்வளவுதான்.”

நீங்களும் அந்த வயதில் நோன்பு பிடித்தவர்கள். அஸர் தாண்டிவிட்டால் பிறகு ஒரு சின்னப் பொழுதுதான் என்பது உங்களுக்குத் தெரியும். அழுதுகொண்டே வாயை வைத்தேன். துப்பச் சொன்னார். வறண்ட தொண்டை கேட்கவில்லை, அது பாட்டில் விழுங்கிவிட்டது. உப்பு. கடல் உப்பு இல்லை. அழுதால் வாயோரம் இறங்குமே, அந்த அளவு உப்பு.

ஓடிப்போய் பூவரசுக்குக் கீழே நின்று கத்தினேன். “வாப்பா, தண்ணி உப்பு!”

மாமா கையைத் தட்டினார். “ஆஹா! பாத்தீங்களா ஹாஜியார், நோன்பு தொறக்க நல்ல வழி கண்டுபுடிச்சிட்டான். மெதுவாப் போய்க் குடிச்சிட்டு, உப்புன்டு ஒரு சாட்டு!”

“உம்மாதான் பாக்கச் சொன்னாங்க!”

“பொய்யும் சேர்த்தியா?”

வாப்பா சிரிக்கவில்லை. என் கன்னத்தில் கண்ணீர் வழிந்து வாயோரம் இறங்கியிருந்ததைப் பார்த்தார். அதைப் பெருவிரலால் துடைத்துவிட்டார். “அழுத வாய்க்கு எல்லாம் உப்புத்தான் மவன். போ, போய்ப் படு.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு இன்னும் அழுகை வந்தது.

வெயில் சாய்ந்ததும் வாப்பா பூவாளிகளை எடுத்தார். உம்மா துரவுச் சரிவின் தலைப்பில் வந்து நின்றார். வழியை மறிக்கவில்லை. ஆனால் விலகவும் இல்லை. மெதுவாக, எங்களுக்கு மட்டும் கேட்கச் சொன்னார். “மஃரிபு வரைக்கும் பொறுங்க. நோன்பு தொறந்துட்டு நீங்களே ஒரு வாய் குடிங்க. பொறகு ஊத்துங்க. நான் வேறொன்டும் கேக்கல்ல.”

வாப்பா தயங்கினார். அதை நான் பார்த்தேன். இரண்டு வாளியையும் தரையில் வைக்கக்கூடக் குனிந்தார். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஹாஜியார், “என்ன தம்பி, கன்டெல்லாம் படுத்திட்டுது, இன்னும் பாத்துக்கிட்டு நிக்கிற?” என்று கேட்டார். வாப்பா நிமிர்ந்தார். உம்மாவைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

உம்மா அங்கே நிற்கவில்லை. மாமாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காணியின் கிழக்கு மூலைக்குப் போனார். அந்த மூலை கொஞ்சம் பள்ளம். கச்சானிலும் அங்கே அறுகம்புல் பச்சையாக நிற்கும். அங்கே வெட்டத் தொடங்கினார். வெறும் கையால் மணலை வாரி எறிந்தார். நோன்போடு, அந்த வெயிலுக்குப் பிறகு, இடுப்பளவு பள்ளத்தை ஒரு பெண் எப்படித் தனியாக வெட்டினார் என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றேன். அடியில் ஈரம் கசிந்தது. கசிந்தது ஒரு சட்டியளவு தேங்கியதும் உம்மா மண்வெட்டியைத் தூரப் போட்டார். ஒரு விரற்கடை கூட அதற்குமேல் வெட்டவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் வடித்துக் கஞ்சிக்கு எடுத்துப்போனார்.

பாங்கு சொன்னபோது வாப்பா தோட்டத்தில் அரைவாசிக்கு ஊற்றி முடித்திருந்தார். சாரத்தின் முடிச்சில் வைத்திருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, துரவிலேயே குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். குடித்தவர் அப்படியே நின்றார். வாயில் இருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. நிறைந்திருந்த இரண்டு பூவாளியையும் காலால் தள்ளிவிட்டார். தண்ணீர் சரிவால் திரும்பத் துரவுக்குள்ளேயே ஓடியது.

வீட்டில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. வாப்பா கோப்பையைத் தூக்கிக் குடித்தார். உம்மாவைப் பார்த்தார். “இது எந்தத் தண்ணி?”

“மூலையில வெட்டினன்.”

“இனிக்கிது.”

“கஞ்சிக்கு உப்புப் போட்டுத்தான் இரிக்கி” என்றார் உம்மா.

மாமா சிரிக்க வாயெடுத்தார். வாப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஊற்றின அரைவாசியில் இலை ஓரங்கள் பழுத்தன. பிறகு சுருண்டு, தொட்டால் நொறுங்கின. முளையில் இருந்து நட்டு வளர்த்த கன்றுகள். வாப்பா அந்தப் பாத்திகளுக்கு நடுவில் வரம்பில் உட்கார்ந்து காலின் வெடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். நாளைக்கே புத்தளத்துக்கு ஆள் விடப் போகிறார் என்று எனக்குப் பட்டது.

உம்மா அவர் முன்னால் போய் நின்றார்.

“அரைவாசி இரிக்கி.”

“அரைவாசிக்கு எந்தத் தண்ணிய ஊத்த? தொரவு போச்சு.”

“தொரவ மூடுங்க. தோண்டின மண்ணையே திரும்பப் போடுங்க. ஆழம் வேணாம். மூலையில வெட்டின மாதிரிச் சின்னச் சின்னதா நாலஞ்சு வெட்டுவம். ஒன்டு வத்தினா மத்ததுல அள்ளுவம்.”

“அதுல ஒரு பூவாளி முங்காது.”

“சிரட்டையால அள்ளி ஊத்துவம்.”

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். “நோன்போடயா?”

“நோன்போடதான்” என்றார் உம்மா. “உப்பளத்துக்கு நோன்பு இல்லாமலா போவீங்க?”

அப்படித்தான் செய்தோம். ஈரம் உள்ள இடம் பார்த்து இடுப்பளவுப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் பூவாளியில் அள்ளி, பாத்திக்குக் கொண்டுபோய், திரும்பி வந்தால் அடுத்த பள்ளம் ஊறியிருக்கும். மாமா முதல் நாள் முணுமுணுத்தார். இரண்டாம் நாள் முணுமுணுக்க எச்சில் இல்லை. மூன்றாம் நாள், “ராத்தா, எந்தப் பள்ளத்துல அள்ளட்டும்?” என்று கேட்கத் தொடங்கினார். எப்படித்தான் அந்த மாதம் முடிந்ததோ, பெருநாள் காலையில் நாங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் மீதி அரைவாசியில் வெள்ளைப் பூ விட்டிருந்தது.

ஹாஜியார் காய் பறிக்கும் நாளில் வந்தார். கருகின பாதியையும் பழுத்துச் சிவந்த பாதியையும் பார்த்துக்கொண்டு நின்றார். “அந்தப் பாதியில நான் தென்னம்பிள்ள வைக்கிறன். இந்தப் பாதிய நீ வச்சுக்க” என்றார். அந்தத் தென்னைகள் இப்போது ஆகாயத்தில் நிற்கின்றன. இந்தப் பாதியில் இன்றைக்கும் நான் பயிர் செய்கிறேன். வாப்பா உப்பளத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கூச்சமான விசயம்.

கருகின அன்று வாப்பா உம்மாவிடம் தனியாக, “நீ எப்படிக் கண்ட?” என்று கேட்டதை நான் பாய்ச் சுருளுக்குப் பின்னால் இருந்து கேட்டேன். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா அவரைப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, “அல்லாஹ்! ஆம்புளையள வச்சுக்கிட்டு நான் கேட்ட கேள்வி!” என்றார். 

நான் என்ன விளங்கிக்கொண்டேன் தெரியுமா? உம்மா தாகம் தாங்காமல் நோன்பை முறித்துத் தண்ணீர் குடித்துவிட்டார், வாப்பா அதை மறைக்கிறார் என்று. எனக்குத் தூக்கம் வரவில்லை. உம்மா நரகத்துக்குப் போய்விடுவாரே என்று பயம். பெருநாள் முடிந்த பிறகு ஒரு முடிவு செய்தேன். நான் முறித்ததற்கு ஒரு நோன்பு, உம்மா முறித்ததற்கு ஒரு நோன்பு, இரண்டையும் நானே பிடிப்பது என்று. விடியுமுன் எழும்பி அடுக்களைக்குப் போனால் அங்கே உம்மா சஹருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

“நீ ஏன் எழும்பின?”

“நோன்பு புடிக்க. ஒன்டு எனக்கு. நாளைக்கி ஒன்டு உங்களுக்கு.”

“எனக்கா?”

“அன்டைக்கு நீங்க தண்ணி குடிச்சீங்களே.”

உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துத் தன் சோற்றில் பாதியை எனக்குப் போட்டார். “ஒன்ட நோன்ப நீ புடி மவன். என்டத நான் புடிச்சுக்குவன். எனக்கு இன்னும் அஞ்சாறு இரிக்கி.”

அஞ்சாறா! உம்மா அத்தனை தடவை முறித்தாரா என்று நான் இன்னும் பயந்துபோனேன். சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

நான் கல்யாணம் முடித்த முதல் நோன்பில் ஒரு மத்தியானம் தோட்டத்தில் இருந்து எதற்கோ வீட்டுக்கு வந்தேன். என் காலடிச் சத்தம் கேட்டு என் மனைவி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் எதையோ மறைத்தாள். ஒரு கோப்பை, அதில் ஆறிப்போன, பால் விடாத பிளேன்டீ. அவள் முகம் அன்று உம்மாவின் முகம் முக்காட்டுக்குள் போனது போலவே இருந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாதத்தில் சில நாள் பெண்களுக்கு மார்க்கமே தொழுகையும் நோன்பும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறது. விட்ட நோன்பின் கணக்கை அவர்கள் பிறகு பிடித்துத் தீர்ப்பார்கள். அதில் ஒரு பாவமும் இல்லை. ஆனாலும் ஊர் முழுக்கப் பெண்கள் அந்த நாட்களில் கதவுக்குப் பின்னால் நின்றுதான் தண்ணீர் குடித்தார்கள். அன்று நான் வாய் வைக்குமுன் எங்கள் துரவின் தண்ணீரை ருசி பார்த்த ஒரே நாக்கு உம்மாவுடையது. அது உப்பு என்று தனக்கு எப்படித் தெரியும் என்பதை மூன்று ஆண்களுக்கு முன்னால் சொல்ல அவரால் முடியவில்லை. நாங்கள் சிரித்தோம்.

அடுத்த வருடமும் நோன்பு கச்சானில்தான் வந்தது. அந்த நோன்பில் வாப்பா ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு நாளும் காலையில் எல்லாப் பள்ளங்களில் இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் அள்ளி, சிரட்டைகளில் அடுக்களை வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். யார் குடிப்பது என்று கேட்கமாட்டார். உம்மா நோன்போடு இருக்கும் நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண்களில் யாராவது அந்தப் பக்கம் வந்து போவார்கள். அஸருக்கு வாப்பா வரும்போது நல்ல தண்ணீர்ச் சிரட்டைகள் கவிழ்த்து வைத்திருக்கும். கெட்டது இருந்தால் அது நிமிர்ந்தபடியே இருக்கும்.

மாமா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார். “என்ன மச்சான், நோன்பு பகல்ல தண்ணி வச்சிருக்கீங்க? ஆருக்கு, ஜின்னுக்கா?”

“ஓம், ஜின்னுக்குத்தான்” என்றார் வாப்பா. “ஒன்ட வூட்டுலயும் ஒரு ஜின் இரிக்கி. நீயும் கொஞ்சம் தண்ணி வச்சிட்டு, இந்தப் பக்கம் வந்து நில்லு.”

மாமாவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வேலியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு, மாமி இருந்த தன் வீட்டுப் பக்கம் போனார்.

வாப்பாவும் உம்மாவும் மையத்தாகி மண்ணுக்குள் போய் வருடங்கள் ஆகிவிட்டன. நோன்பு இப்போது வாடையின் கடைசியில் வருகிறது. தண்ணீர் மேலே நிற்கும் காலம், கன்றுக்குப் பயமில்லை. மறுபடி அது கச்சானுக்குப் போகும்போது எனக்குக் கண் தெரியுமோ தெரியாது. இருந்தால் அதையும் பிடிப்பேன்.

என் மகனுக்கு மாரியில்தான் கல்யாணம் முடிந்தது. மருமகள் எங்கள் வீட்டில் பிடிக்கப்போகிற முதல் நோன்பு இது. முந்தாநாள் மகனை வேலிப் பக்கம் கூட்டிப்போனேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“நோன்புல பகல்ல வூட்டுக்கு வந்தா, அடுக்களைக்குள்ள போகாத. வாசல்லயே செருமிட்டு நில்லு.”

“ஏன் வாப்பா?”

“அவள் சாப்புடுற நாளாயிருந்தா, நிம்மதியா இருந்து சாப்புடட்டும். கதவுக்குப் பின்னால நின்டு முழுங்க வேணாம். அத அவளுக்கு நீயே வாயால செல்லிரு.”

அவனுக்கும் காது சிவந்தது. என் பிள்ளைதானே. “இதெல்லாம் நீங்க ஏன் வாப்பா செல்றீங்க?” என்றான்.

“என்ட வாப்பாட தோட்டம் அரைவாசி எரிஞ்சிச்சு” என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அதனால் முழுதையும் எழுதினேன். அவனுக்காக, அவன் வயதில் பிள்ளைகள் உள்ள உங்களுக்காக.

எழுதி முடித்தது நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு.